துர்காதேவி காசியில் விட்டது

காசிக்குப் போய்விட்டு வந்தவர்களிடம் சாக்கோட்டைப் பக்கத்தில் முதலில் கேட்கிற கேள்வி, தரிசனம் நல்லபடியாகக் கிடைத்ததா என்பதல்ல. "என்ன விட்டுட்டு வந்தீக?" என்பதுதான். கங்கையில் முழுகினால் மனசுக்குப் பிடித்த ஒன்றை அங்கேயே விட்டுவிட வேண்டும், பிறகு ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது என்பது முறை. முறை இருக்கிற இடத்தில் சாமர்த்தியமும் இருக்கத்தான் செய்யும். பாகற்காயைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிறவர் பாகற்காயை விட்டுவிட்டு வந்து, என்னமோ ராஜ்ஜியத்தையே துறந்துவிட்டவர் மாதிரி பந்தியில் இலைக்கு மேல் கையை விரித்து மறைப்பார். சர்க்கரை வியாதிக்காரர் மாம்பழத்தை விடுவார். துர்காதேவியின் கணவர் குழந்தைவேலு விட்டது கோவைக்காய். அவர் வீட்டு அடுப்பில் கோவைக்காய் வெந்து யாரும் பார்த்ததில்லை.

துர்காதேவியிடம் அதே கேள்வியைக் கேட்டால் மட்டும் பதில் வராது. "விட்டேன், விட்டேன்" என்று சொல்லிக்கொண்டே மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஓடிவிடுவாள். மாடு தண்ணீர் குடித்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

ஓடுவது அவளுக்குப் புதிது இல்லை. கீழச்சிவல்பட்டியில் பிறந்து சாக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இன்றுவரை ஒரு வேளைச் சோற்றை எழுந்திருக்காமல் சாப்பிட்டதில்லை. கல்யாணப் போட்டோவில்கூட மாப்பிள்ளை முகம் பளிச்சென்று இருக்கும், பெண்ணின் முகம் மட்டும் கலங்கலாக இருக்கும். படம் பிடிக்கிற நேரத்தில் பந்தியில் என்ன சத்தம் என்று திரும்பிப் பார்த்திருக்கிறாள். இரண்டு மா நெல்லும் கொஞ்சம் உளுந்தும் மூன்று மாடுகளும் வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் தலையெடுத்தது அவள் காலில் இருந்த சக்கரத்தால்தான். அதைக் குழந்தைவேலுவே ஒப்புக்கொள்வார், அவள் பக்கத்தில் இல்லாதபோது.

ஒரே மகள். பெயர் விசாலாட்சி, கூப்பிடுவது சாலா என்று. கட்டிக்கொடுத்தது கோயம்புத்தூரில். மாப்பிள்ளை கண்ணன் பம்பு செட் கம்பெனியில் வேலை பார்க்கிறார், தங்கமான பையன். மகள் புக்ககம் போன நாளிலிருந்து துர்காதேவியின் ஓட்டம் எல்லாம் போனுக்குள் போய்விட்டது. பல் விளக்கியதும் ஒரு போன். காலைப் பலகாரம் என்ன என்று ஒரு போன். மாப்பிள்ளை வேலைக்குப் போனபின் நிதானமாக ஒன்று. மத்தியானம் தூங்கினாயா என்று, தூங்குகிறவளை எழுப்பிக் கேட்கிற போன் ஒன்று. சாலாவும் எடுத்து எடுத்துப் பழகியிருந்தாள். அவளாக அம்மாவைக் கூப்பிட வேண்டிய தேவையே வந்ததில்லை.

சாலாவுக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போனது. இரண்டாவது தடவை ஐந்தாம் மாசம். அதற்கப்புறம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை வாய்விட்டுப் பேசியதில்லை. இந்த வருஷம் ஆனி மாசத்தில் மறுபடியும் நின்றிருக்கிறது என்று தெரிந்ததும் துர்காதேவிக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. பயம் வந்தால் அவள் கை சும்மா இருக்குமா? போன் இரட்டிப்பானது. படி ஏறினியா, பளுவைத் தூக்கினியா, வயிறு இழுக்குதா, ரத்தம் கித்தம் படுதா?

ஒருநாள் மாப்பிள்ளையே பேசினார். அத்தை தப்பாக நினைக்கக்கூடாது என்று ரொம்பத் தயங்கித்தான் ஆரம்பித்தார். டாக்டரம்மா மனசைப் பதறவிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களாம்.

"உங்க போன் வந்தாலே அவளுக்கு நெஞ்சு படபடங்குது அத்தை. நீங்க கேக்கக் கேக்க, இல்லாததெல்லாம் இருக்குற மாதிரி அவளுக்குத் தோணுது."

அவள் சரி தம்பி, சரி தம்பி என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்தாள். ஒரு வார்த்தை குத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு உலை பொங்கி வழிந்தது அவளுக்குத் தெரியவில்லை. முதல் இரண்டும் போனதற்குத் தன் வாய்தான் காரணமோ என்கிற நினைப்பு அன்று உள்ளே புகுந்தது. புகுந்தது வெளியே போகவில்லை.

காசி யாத்திரைக்கு அதற்கு முன்பே பணம் கட்டியிருந்தார்கள். காரைக்குடி சத்தியமூர்த்தி வருஷா வருஷம் ஒரு கூட்டத்தை அழைத்துப் போகிறவர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கெடுபிடிக்காரர். ராமேஸ்வரம் கடற்கரையில் மண் எடுத்து, பிரயாகையில் அதைக் கரைத்து, காசியில் தரிசனம் முடித்து, கங்கைத் தண்ணீரை ராமேஸ்வரத்தில் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் வீட்டு வாசலை மிதிக்கலாம் என்பது அவர் கட்டளை. அதுவரை ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, யாரையும் பழித்துப் பேசக்கூடாது. இந்தக் கடைசி விதியால் ரயிலில் பாதி நேரம் பெண்கள் பெட்டியில் பேச்சே இல்லாமல் இருந்தது.

ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள் சத்தியமூர்த்தி எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார். கையையும் காலையும் நாக்கையும் அடக்கத் தெரியாதவர்கள் முழுகினால் அது வெறும் குளியல்தான், அதற்கு உங்கள் ஊர்க் கண்மாய் போதும் என்றார். விடுகிற பொருளை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தால் புண்ணியம் கரைந்துபோகும் என்றும் சொன்னார். துர்காதேவி அப்போது உட்கார்ந்த இடத்திலேயே பக்கத்தில் இருந்தவளின் பையை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தைகள் காதில் விழுந்ததும் கை நின்றது. கை, கால், நாக்கு. மூன்றும் தன்னிடம் ஒருநாளும் நின்றதில்லை என்று அவளுக்கே தெரியும்.

காபியை விடுவதென்று ஊரிலேயே முடிவு செய்து வைத்திருந்தாள். அவளுக்குக் காபி என்றால் உயிர். ஆனால் மறுநாள் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும்போது, காபியை விட்டால் யாருக்கு என்ன நஷ்டம், தலைவலி எனக்குத்தானே என்று தோன்றியது. பக்கத்தில் குழந்தைவேலு ஆற்றைப் பார்த்துக் கோவைக்காய் என்று பக்தியோடு சொல்லிக்கொண்டிருந்தார். புரோகிதர் அவசரப்படுத்தினார். துர்காதேவி மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினாள். எழுந்தபோது, வாய்க்குள்ளாகச் சொன்னாள்: "தாயே, இனிமே ஆயுசுக்கும் நானா எம்மகளுக்குப் போன் போட மாட்டேன். அவளாக் கூப்பிட்டாத்தான் பேசுவேன். அவ வயித்துல இருக்கிறது நிக்கட்டும்."

 அது ஆடி பிறக்கப்போகிற நேரம். அன்று மாலை விசாலாட்சி கோயிலில் மகளின் பெயர் கொண்டவளைப் பார்த்ததும் ஒருபாட்டம் அழுதாள். என்ன என்று கேட்ட குழந்தைவேலுவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அவர் தோள் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். பிறகு, "நீ காபியவே விட்டிருக்கலாம்" என்றார்.

திரும்பும்போது ரயில் காரைக்குடியில் நின்றது. வீடு பக்கத்தில், மாடுகள் யாரோ ஒருத்தியின் பொறுப்பில். ராமேஸ்வரத்துக்குத் தண்ணீர் போய்ச் சேராமல் இறங்கக்கூடாது. துர்காதேவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். அதுதான் அவள் தாண்டிய முதல் பரீட்சை, அதுவே பெரிது என்று அப்போது நினைத்தாள்.

ஊருக்கு வந்த பிறகுதான் உண்மையான யாத்திரை ஆரம்பித்தது. விடிந்ததும் கை போனைத் தேடியது. கையை இழுத்துக்கொண்டு போய் வாசலைக் கூட்டினாள். கூட்டின வாசலையே மறுபடி கூட்டினாள். ஆடியில் சாலாவே ஓரிரு முறை கூப்பிட்டாள். துர்காதேவி பதறி எடுத்தாள். ஆனால் மாப்பிள்ளை சொன்னது மண்டையில் நின்றதால், வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக்கூடாது என்று தனக்குத்தானே இன்னொரு விரதமும் போட்டுக்கொண்டிருந்தாள். மழை இல்லை என்றாள். செவலைப் பசு பால் குறைத்துவிட்டது என்றாள். வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், சரித்தா வச்சுரவா என்றாள். வைத்த பிறகு போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். ஆவணியில் சாலா கூப்பிடுவது நின்றுபோனது.

குழந்தைவேலு ஒரு வழி கண்டுபிடித்தார். நீதானே கூப்பிடக்கூடாது, நான் கூப்பிடலாமே என்று தன் போனில் ஸ்பீக்கரைப் போட்டு மகளை அழைத்தார். மனிதர் பேச்சில் கெட்டிக்காரர் இல்லை. "என்னத்தா, நல்லாருக்கியா? சாப்ட்டியா? சரி." துர்காதேவி எதிரே நின்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள், கையை விரித்துக் காட்டினாள், வாந்தி எடுப்பதுபோல நடித்துக் காட்டினாள். அவர் ஒன்றும் புரியாமல், "அம்மாவுக்கு வயித்தக் கலக்குது போல" என்று மகளிடம் சொல்லிவிட்டு வைத்தார். இது ஆற்றை ஏமாற்றுகிற வேலை என்று அவளுக்கே உறைத்தது. அதன்பின் அவர் போன் பேசும்போது கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

அடுத்த வீட்டு சகாயராணி டீச்சர் சாலாவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் பாதி சொல்லியும் பாதி சொல்லாமலும், பிள்ளை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லச் சொன்னாள். டீச்சருக்கு மீதிப் பாதி தானாகவே புரிந்துவிட்டது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் தாங்களும் இப்படித்தான் ஏதாவது ஒன்றை விடுவோம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை கணக்கில் வராது என்றார். கங்கைக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா என்று துர்காதேவி நிஜமாகவே யோசித்தாள். டீச்சர் பேசிவிட்டு வந்து சொன்னார், பிள்ளை நன்றாக இருக்கிறாளாம், டாக்டரிடம் போய் வந்தாளாம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒங்க மேலதான் ஏதோ வருத்தமா இருக்கா போல. அம்மான்னு சொன்னதும் குரலே மாறிப்போச்சுக்கா."

வருத்தம் என் மேல்தானே, இருந்துவிட்டுப் போகட்டும், வயிற்றில் இருக்கிறது நின்றால் போதும் என்று துர்காதேவி அன்று முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனசு கேட்கவில்லை. சாயங்காலம் கை தன்னாலே மகளின் பெயரை அழுத்திவிட்டது. மணி ஒரு தடவை அடிப்பதற்குள் துண்டித்தாள். அங்கே போய்ச் சேர்ந்ததோ இல்லையோ தெரியாது. அந்த ராத்திரி முழுக்க உருண்டாள். விடிந்ததும் போனைக் கணவரிடம் நீட்டி, இதைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொள்ளச் சொன்னாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் வெளியே எடுத்தால் போதும், பகலில் வயலுக்குப் போகும்போது பூட்டு விழ வேண்டும் என்றாள். பகலில் எப்படியும் சாலா கூப்பிட மாட்டாள், கூப்பிடுகிறவளாக இருந்தால் இத்தனை நாள் கூப்பிட்டிருக்க மாட்டாளா என்பது அவள் கணக்கு.

அந்த இரும்புப் பீரோ அவளுடைய அண்ணன்மார் சீராகக் கொடுத்தது. அதில் கீறல் விழுந்தால் வீட்டில் ரத்தக்களரிதான் என்பது குழந்தைவேலுவுக்குத் தெரியும். பவ்வியமாகப் பூட்டினார்.

புரட்டாசி நடுவில் ஒருநாள். குழந்தைவேலு உரம் வாங்கச் சாக்கோட்டைக்குப் போயிருந்தார். டீச்சர் பள்ளிக்கூடத்தில். துர்காதேவி மொட்டை மாடியில் காய வைத்திருந்த உளுந்தை, வடக்கே கருக்கிறதைப் பார்த்து அவசர அவசரமாகக் கூட்டிக்கொண்டிருந்தாள். கீழே குயில் கூவியது. மகள் கூப்பிட்டால் மட்டும் குயில் கூவும்படி மாப்பிள்ளைதான் முன்பு அந்தப் போனில் வைத்துக்கொடுத்திருந்தார்.

எப்படி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. பீரோவுக்கு உள்ளே இருந்து குயில் கூவிக்கொண்டிருந்தது. கைப்பிடியைத் திருகினாள், இழுத்தாள், உள்ளங்கையால் அடித்தாள். குயில் நின்றது. மூச்சு வாங்க நின்றாள். மறுபடி கூவியது. "இந்தா வந்துட்டேன்த்தா, வந்துட்டேன்" என்று இரும்புக் கதவிடம் சொன்னாள். நின்றது. வாசலுக்கு ஓடித் தெருவைப் பார்த்தாள். ஒரு ஈ காக்கை இல்லை. திரும்பி வரும்போது மூன்றாவது முறை கூவிக்கொண்டிருந்தது. பகல் வேளையில், இத்தனை நாளாகக் கூப்பிடாதவள், மூன்று முறை கூப்பிடுகிறாள் என்றால் என்ன அர்த்தம்? இதுவும் ஐந்தாம் மாசம்தான்.

மாட்டுக்கொட்டகையில் கடப்பாரை இருந்தது. பீரோக் கதவின் இடுக்கில் அதைக் கொடுத்து நெம்பினாள். முதல் நெம்புதலில் பெயிண்ட் உரிந்தது. இரண்டாவதில் தகடு வளைந்தது. அண்ணன்மார் முகமெல்லாம் நினைவுக்கு வரவில்லை. கதவு ஓவென்று அலறிப் பிளந்துகொண்டது. பட்டுச்சேலை அடுக்கின் மேல் போன் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. குயில் அதற்குள் ஓய்ந்திருந்தது.

போன் கையில் இருக்கிறது. மகளின் பெயர் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. ஒரு விரல் பட்டால் போதும். ஆனால் அவள் கூப்பிட்டதற்குத் திருப்பிக் கூப்பிடுவது, நானாகக் கூப்பிடுவதா, அவள் கூப்பிட்டதற்குப் பதிலா? சத்தியமூர்த்தி இருந்தால் எண்ணம் வந்தாலே வாக்கு போனதுதான் என்பார். கூப்பிட்டு, அதனால் வாக்கு முறிந்து, அந்த வயிற்றுக்கு ஒன்று ஆகிவிட்டால்? கூப்பிடாமல் இருந்து, அங்கே அவள் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தால்? கடப்பாரையை ஒரு கையிலும் போனை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தாள். இன்னொரு முறை கூவிவிடாதா என்று காத்தாள். கூவவில்லை. தாயே, பாவம் வந்தா என் தலையில வரட்டும், அதுங்க ரெண்டையும் விட்டுரு என்று சொல்லி மகளின் பெயரை அழுத்தினாள்.

முதல் மணியிலேயே எடுத்தாள் சாலா. அழுகிறாளா கோபமாக இருக்கிறாளா என்று பிரித்தறிய முடியாத குரல்.

"மூணு தடவ அடிச்சேன். எடுக்க மனசு வரலியா?"

 உனக்கு ஒன்றும் இல்லையே, வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று துர்காதேவி தட்டுத்தடுமாறிக் கேட்டாள்.

"இப்பத்தான் கேக்கத் தோணுதா? காசிக்குப் போயிட்டு வந்ததுலேருந்து ஒரு போன் இல்ல. நானாப் பேசினாலும் மாட்டப் பத்திப் பேசுற, மழையப் பத்திப் பேசுற. வயித்துல ஒண்ணு இருக்குங்கிறதையே மறந்துட்ட. இதுவும் நிக்காதுன்னு நீயே முடிவு பண்ணிட்டியாம்மா?"

அந்தக் கேள்வி துர்காதேவியை உட்கார வைத்தது. உடைந்த பீரோவில் சாய்ந்து அப்படியே தரையில் சரிந்தாள். ஒரு பிள்ளை நிற்க வேண்டும் என்று தான் வாயைக் கட்டியதை, அந்தப் பிள்ளையைத் தான் கைகழுவிவிட்டதாக மகள் இத்தனை நாள் சுமந்திருக்கிறாள். புண்ணியம் கரைந்தால் கரையட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். மாப்பிள்ளை சொன்னது, இடுப்பளவுத் தண்ணீரில் தான் சொன்னது, அப்பா இடுப்பில் சாவி, கடப்பாரை. முன்னும் பின்னுமாகத்தான் சொன்னாள். கடைசியில், "இப்ப நானே கூப்பிட்டு எல்லாத்தையும் கெடுத்துட்டேன்த்தா" என்று விம்மினாள்.

 அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"போனை வை" என்றாள் சாலா.

"சாலா..."

"வைம்மா."

வைத்துவிட்டாள். தூறல் விழ ஆரம்பித்தது. மாடியில் உளுந்து நனையும் என்று தெரிந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. ஆற்றுக்குக் கொடுத்த வாக்கும் போயிற்று, மகளும் போனாள் என்று வெறித்துக்கொண்டிருந்தாள்.

குயில் கூவியது. இந்த முறை அவள் மடியிலேயே கூவியது.

"இப்ப நான் கூப்பிட்டிருக்கேன்" என்றாள் சாலா. "முந்தி நீ அடிச்சது கணக்குல இல்ல. இனிமே தினமும் நாந்தான் கூப்பிடுவேன், நீ கூப்பிடக் கூடாது. ஒன் வாக்கு அப்படியே இருக்கட்டும்."

துர்காதேவி தலையை மட்டும் ஆட்டினாள். போனில் அது தெரியாது என்று தோன்றவில்லை.

"காலையில அசைஞ்சுச்சும்மா. மொத மொதலா. அதச் சொல்லத்தான் அடிச்சேன்."

வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.  வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. குழந்தைவேலு தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தார். பிளந்து கிடக்கிற பீரோவைப் பார்த்தார், கடப்பாரையைப் பார்த்தார். இடுப்பில் சாவி பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டும் பார்த்துக்கொண்டார். அவள் கையைக் காட்டி அவரை அமர்த்தினாள்.

"என்னம்மா, பேச்சையே காணோம்? ஏதாச்சும் கேளு" என்றாள் மகள். "படி ஏறினியான்னு கேளும்மா. யாருமே கேக்க மாட்டேங்கிறாக."

துர்காதேவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"படி ஏறினியாத்தா?" என்று கேட்டாள்.